வெசாக் ஓக்கிட்டும் போத்தல் நாற்றும்

அரிய ஓக்கிட் இனமொன்று அருகி வருகின்றது என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஆய்வுகூடத்தில் ஆயிரக்கணக்கில் நாற்றுக்களை உண்டாக்கிவிட்டாற் போதும் என்ற விடையும் கூடவே வந்துவிடுகின்றது. கேட்பதற்கு இனிய விடை. அதன்படி எவரும் எதனையும் இழக்கவேண்டியதில்லை: வாங்குபவருக்குப் பூ, விற்பவருக்குப் பணம், காட்டுக்கு நிம்மதி. இவ்விடை பிழையானதன்று, ஆயின் பாதி விடையே. சொல்லாது விடப்படும் மறுபாதியிலேதான் நாற்றும் மடிகின்றது, காடும் கொள்ளைபோகின்றது.

வெசாக் ஓக்கிட் இதற்குத் தக்க உதாரணமாகும். இலங்கையின் ஈரவலயக் காடுகளிலன்றி வேறெங்கும் இயற்கையிற் காணப்படாத மேலொட்டி அது. மரக்கிளையிலிருந்து மெல்லிய தண்டுகள் தொங்க, வெசாக் காலத்தை அண்டி இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மலர்களை விரிக்கும். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிற்ஸ் 1855 இல் இதற்கு டென்ட்ரோபியம் மக்கார்த்தியே எனப் பெயரிட்டார். மக்கார்த்தி குடியேற்ற அரசின் செயலாளர். சூட்டப்பட்டது அவரது மனைவியின் நினைவாக. (மரத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் வழங்கிய 'வெசாக் மலர்' என்ற பெயருக்கு இலத்தீனில் இடங்கிடைக்கவில்லை.) 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இது பாதுகாக்கப்பட்ட தாவரம். எனினும், வேரோடு பிடுங்கி விற்கப்பட்டமையே இது அருகியதற்கு முதற் காரணங்களுள் ஒன்று.

ஓக்கிட் வித்து தூசியைப் போன்றது. நெல்லுக்கும் தேங்காய்க்கும் உள்ள வித்தகவிழையம் அதற்கில்லை. தாய் கட்டிக்கொடுக்கும் பொதிச்சோறு இல்லாமலே அது காற்றிற் புறப்படுகின்றது. காட்டில் அதற்கு உணவூட்டுவது பங்கசு என்பதை 1899 இல் பிரான்சின் நோயல் பேர்னாட் கண்டறிந்தார். சீனியை ஏகாரிற் கலந்து கொடுத்தால் பங்கசு இல்லாமலே வித்து முளைக்கும் என்பதை 1922 இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் காட்டினார். போத்தல் நாற்றின் வரலாற்றிலே அது பெருவெற்றி. அதனை எவரும் சிறுமைப்படுத்தவேண்டியதில்லை.

ஆனால், போத்தலின் மூடி திறக்கப்படும் நாளிலேதான் உண்மையான சோதனை தொடங்குகின்றது. உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்தது; உணவு சீனியாக வந்தது; நோய்க்கிருமி கிடையாது. அத்தகைய வாழ்வில் இலையின் மெழுகுப் படை மெலிந்தேயிருக்கும். இலைவாய்கள் மூடப் பழகியிரா. வெளியே எடுத்து அப்படியே விட்டால் நாற்று விரைவில் வாடிவிடும். வேரில் ஏகார் ஒட்டியிருந்தால் அதிலுள்ள சீனியைத் தேடிப் பூஞ்சணம் வரும். ஆகவே வேர் முறியாமற் கழுவவேண்டும். கரித்துண்டும் பொச்சுத்துண்டும் இட்ட சட்டியிற் பல நாற்றுக்களை நெருக்கமாக நட்டு, ஈரம் தங்கும் நிழலில் வைத்து, வாரக்கணக்கிற் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பழக்கவேண்டும். நீர் மிகுந்தால் அழுகும், குறைந்தாற் காயும். எத்தனை போத்தல் எனப் பெருமைப்படுவோர், ஓராண்டின் பின் எத்தனை நாற்று உயிரோடிருந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சந்தையோ பொறுமையற்றது. வித்திலிருந்து பூவுக்குச் சில ஆண்டுகள் செல்லும். காட்டிலே பிடுங்கிய வளர்ந்த செடி அடுத்த வெசாக்கிலேயே பூக்கக்கூடும். அதற்கான செலவு மரமேறும் உழைப்பு மட்டுமே. விரலளவு நாற்று இதனோடு போட்டியிட்டு வெல்லும் என எதிர்பார்ப்பது பொருளியல் அறியாமை. வறுமையால் மரமேறுபவனைத் திருடன் என ஏசிவிட்டு, அவனிடம் விலைபேசி வாங்கும் மாளிகைக்காரரை மலர்ப்பிரியர் எனப் பாராட்டுவது அதனிலும் மோசமானது.

நாற்றுக்களைக் காட்டு மரங்களிற் கட்டிவிடலாமே என்பாருமுளர். கட்டலாம், அவை வேர்பற்றிப் பூக்கவுங்கூடும். ஆனால், அப்பூ காயாவதற்கு அதனை நாடும் பூச்சி வேண்டும். காயின் வித்து முளைக்க அங்கே ஏகார் இல்லை. மரப்பட்டையிலே பேர்னாட் கண்ட பங்கசுதான் வேண்டும். ஈரத்தைக் காக்கும் பெருமரங்கள் வேண்டும். இவற்றை எந்தப் போத்தலும் தராது.

ஆய்வுகூடங்கள் போத்தலோடு கைகழுவிவிடாமல், காட்டோரக் கிராமங்களில் நிழற்கூடங்கள் அமைத்து, மரமேறிப் பறித்தவர்களுக்கே நாற்றைப் பழக்கும் தொழிலைக் கூலியோடு கற்பிக்கவேண்டும். எந்தக் கிளையில், எவ்வளவு வெளிச்சத்தில் இச்செடி நிற்கும் என்பதை அவர்கள் ஏற்கெனவே அறிவர். விற்பனைக்கு வருவது, போத்தலை விட்டு வெளியேறி ஓராண்டாவது சட்டியில் நின்ற செடியாகவே இருத்தல் வேண்டும்.