நோட்டீசில் இல்லாத பெயர்

பருத்தி எடுத்தாயிற்று. கம்பும் சோளமும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. எட்டயபுரம் வட்டாரத்தில் கரிசல் காடு வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. இனி மழை விழும்வரை ஏருக்கு வேலை இல்லை. கிராமங்களில் கோவில் கொடை நடக்கும் காலம் இது.

அம்மன் கோவில் எதிரே கொட்டகை போடுகிறார்கள். “இன்று இரவு 10 மணிக்கு வள்ளி திருமணம்” என்று சுவரெல்லாம் நோட்டீஸ்!

நோட்டீசை நின்று படித்துப் பாருங்கள். ராஜபார்ட் நடிகரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லோர் பெயரும் இருக்கும். விழாக் கமிட்டித் தலைவர் பெயர், படத்தோடு இருக்கும். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்த கடையின் பெயர்கூட இருக்கும்.

ஒரே ஒருவர் பெயர் மட்டும் இருக்காது.

ஊருக்கு ஒருவர் அப்படி இருப்பார். சில ஊரில் தையல்காரர். சில ஊரில் சம்சாரி. சில ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார். சம்பளம் கிடையாது. வீடு வீடாகப் போய் வரி பிரிப்பவர் அவர்தான். “போன வருஷ நாடகம் சரியில்லையே” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, பணத்தையும் வாங்கி வருபவர் அவர்தான். நடிகர்களுக்கு முன்பணம் கட்டுவார். வந்து இறங்கினால் காப்பி, சாப்பாடு, வேஷம் போட ஓர் அறை, அறையில் ஒரு கண்ணாடி! கண்ணாடி எங்கிருந்து வரும்? புதிதாகக் கல்யாணமான வீட்டில் இரவல் வாங்கி வருவார்.

நாடகம் தொடங்கியதும் ஊரே பாய் விரித்து உட்காருகிறது. அவர் உட்காருவதில்லை. படுதாக் கயிறு சிக்கினால் ஓடுவார். மின்சாரம் போனால் ஓடுவார். விடிய விடிய மேடையின் ஓரத்திலேயே நிற்பார். முப்பது வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் வள்ளியின் முதுகுதான்!

பொழுது விடிகிறது. ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் இரவல் சாமான்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரு குத்துவிளக்கு குறைந்தாலும் அவர்தானே பதில் சொல்லவேண்டும்?

ஜப்பான் நாட்டில் கபுகி என்று ஒரு பழைய நாடகம் உண்டு. அதில் மேடை உதவியாளர்கள் ஜனங்கள் பார்க்கும்போதே மேடைக்கு வருவார்கள். கறுப்பு உடை அணிந்து, முகத்தையும் கறுப்புத் துணியால் மூடியிருப்பார்கள். நடிகருக்கு வாளை எடுத்துக் கொடுப்பார்கள். உடை மாற்ற உதவுவார்கள். “கறுப்பு உடைக்காரரைக் காணாதது போல இருக்கவேண்டும்” என்பது அங்கே ரசிகர்களின் வழக்கம். நம் ஊர்க்காரர் கறுப்பு உடை அணிவதில்லை. ஆனாலும் யார் கண்ணிலும் படுவதில்லை!

மேடையை விட்டு இறங்கியவர்

தமிழ் நாடக உலகமே தலைமை ஆசிரியர் என்று கும்பிடும் சங்கரதாஸ் சுவாமிகள் இந்தச் சீமைக்காரர்தான். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு பிறந்தார். நடிகராகத்தான் அவர் மேடை ஏறினார். எமன், இராவணன், சனீஸ்வரன் போன்ற பயங்கர வேஷங்களில் பெயர் வாங்கினார். வேஷத்தோடு அவரைக் கண்ட ஒரு கர்ப்பிணிப் பெண் பயத்தில் உயிர் விட்டாள் என்றும், அந்த வேதனையில் அவர் வேஷம் போடுவதையே நிறுத்திவிட்டார் என்றும் சொல்வார்கள்.

அதன் பிறகு அவருக்குத் திரைக்குப் பின்னால்தான் வேலை. நாடகம் எழுதினார். பாட்டுக் கட்டினார். பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்தவர்கள். சிறுவன் சண்முகத்துக்காக “அபிமன்யு சுந்தரி” நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார். 1922-ம் ஆண்டு புதுச்சேரியில் காலமானார்.

இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஓர் அதிசயம் நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருகிறார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருகிறார். ஒத்திகை கிடையாது. அன்று இரவுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பவர்களும் உண்டு. ஆனாலும் கேள்வியும் பதிலும் தட்டாமல் போகின்றன! காரணம், இருவரும் பாடம் செய்திருப்பது சுவாமிகளின் நாடகத்தை. அவர் மறைந்து நூறு ஆண்டு கடந்துவிட்டது. திரைக்குப் பின்னால் அவர் செய்த வேலை இன்னும் மேடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆள் போனால்?

கிராமங்களில் நாடகம் குறைந்துவிட்டது என்கிறார்கள். சினிமா, டெலிவிஷன், செல்போன் என்று காரணம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பின்னால் நின்றவருக்கு வயதாகிவிட்டது. எந்த நடிகரை எப்போது கேட்கவேண்டும், யாரிடம் வரி எப்படி வாங்கவேண்டும், படுதாவை எப்படி மடிக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் படுத்துவிட்டால், “இந்த வருஷம் பாட்டுக் கச்சேரி வைத்துக்கொள்வோம்” என்கிறது கமிட்டி. அடுத்த வருஷமும் அதே பேச்சு. நடிகர் கிடைக்காமல் அல்ல. கூப்பிட ஆள் இல்லாமல் நாடகம் நின்றுபோகிறது!

முன்பெல்லாம் ஊர் இளைஞர்களே வேஷம் கட்டி ஆடினார்கள். அந்த நாடகங்களைக் கையால் எழுதி வைத்த நோட்டுகள் பரணில் கிடந்து செல்லரிக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்க்கவும் அவரைத் தவிர ஆள் இல்லை.

எட்டயபுரத்துக்கு இது புது விஷயம் அல்ல. சமஸ்தான வித்துவானாக இருந்த சுப்பராம தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்கள் பரம்பரைச் சொத்தாக இருந்தன. “இவற்றை எழுதி அச்சிடவேண்டும்” என்று விடாமல் வற்புறுத்தினார், சின்னசாமி முதலியார் என்ற அன்பர். அதன் பலனாக “சங்கீத சம்பிரதாய பிரதர்சினி” எட்டயபுரத்திலேயே அச்சாகி 1904-ல் வெளிவந்தது. தீட்சிதர் 1906-ல் மறைந்தார். இரண்டே வருஷ இடைவெளி! முதலியாரின் பெயரை இன்று சங்கீதக்காரர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

நாடகத்துக்கும் அப்படி ஒரு காரியம் செய்யலாம். பெரிய செலவு இல்லை. கோடை விடுமுறையில் வீட்டில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் அந்த நோட்டுகளைப் பார்த்து எழுதட்டும். புரியாத இடத்தைப் பெரியவரிடம் கேட்கட்டும். படுதாக் கயிறு இழுக்க இந்த வருஷம் அவரோடு இரண்டு இளைஞர்கள் நிற்கட்டும். வரி பிரிக்கப் போகும்போது அவர்களையும் அழைத்துப் போகட்டும். திட்டு வாங்கவும் பழகவேண்டும் அல்லவா?

கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, ஒலிபெருக்கிக் கடையின் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விடச் சொல்லுங்கள். அதில் அவர் பெயரைப் போடுங்கள். ஒரு வரி கூடினால் எந்த அச்சகமும் கூலி உயர்த்திக் கேட்பதில்லை.