“சர்வர் வேலை செய்யவில்லை!” – கம்ப்யூட்டர் பின்னலைக் காப்பது எப்படி?

பேரையூர், மதுரைக்குத் தென்மேற்கே உள்ள ஊர். தாலுகாவின் தலைநகரம்.

ஒரு தாயை நினைத்துக் கொள்ளுங்கள். பக்கத்துக் கிராமத்தில் இருந்து பஸ் ஏறி, பேரையூர் வருகிறார். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அதற்கு வருமானச் சான்றிதழ் தேவை. இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறார். அவர் முறை வருகிறது.

“சர்வர் வேலை செய்யவில்லை, அம்மா! நாளைக்கு வாங்க!” என்று பதில் வருகிறது.

அன்றைய கூலி போயிற்று. பஸ் செலவு போயிற்று. நாளையும் இதே கதை என்றால், கல்லூரியின் கடைசி தேதியும் போய்விடும்.

யார் அந்த “சர்வர்”? ஓட்டலில் காபி கொண்டு வருபவர் அல்ல. அது ஒரு பெரிய கம்ப்யூட்டர். ஊரில் உள்ள எல்லோருடைய கணக்கையும் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதனிடம் கேட்டுத்தான் பதில் சொல்லும்.

அந்தக் கணக்குப்பிள்ளை ஏன் திடீர் என்று படுத்துக் கொள்கிறது? இதைத் தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது.

பின்னல் என்றால் என்ன?

பல கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்து, ஒன்றோடு ஒன்று பேசவிட்டால், அதற்கு “நெட்வொர்க்” என்று பெயர். தமிழில் “பின்னல்” என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டில் சர்க்காருக்கு என்று ஒரு பெரிய பின்னல் இருக்கிறது. சென்னை, மாவட்டத் தலைநகரங்கள், தாலுகா ஆபீசுகள், யூனியன் ஆபீசுகள் ஆகியவற்றை அது இணைக்கிறது. “எல்காட்” என்ற சர்க்கார் நிறுவனம் அதை நடத்துகிறது. இது போதாது என்று, “பாரத்நெட்” திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12 ஆயிரத்து 525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் வேலையும் எடுத்துக் கொள்ளப்பட்டது.

பேரையூரில் தட்டும் ஓர் எழுத்து, பல பெட்டிகளைத் தாண்டி, பல நூறு கிலோமீட்டர் ஓடி, சர்வரைச் சேர வேண்டும். பதிலும் அதே போலத் திரும்பி வரவேண்டும். நடுவில் ஒரு கேபிள் அறுந்தாலும், ஒரு பெட்டிக்கு மின்சாரம் நின்றாலும், எல்லாம் நின்றுவிடும். அப்போதும் “சர்வர் வேலை செய்யவில்லை” என்றுதான் சொல்வார்கள். உண்மையில் சர்வர் நன்றாக இருக்கும். சாலைதான் உடைந்திருக்கும்!

திட்டம் முதலில், மெஷின் பிறகு

வீடு கட்டுகிறவர்கள் முதலில் பிளான் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் பின்னலைப் பல இடங்களில் அப்படிக் கட்டுவதில்லை. முதலில் 10 கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். பிறகு 10. பிறகு 20. பழைய பெட்டியிலேயே புதுக் கம்பியைச் சொருகிக்கொண்டே போகிறார்கள். ஒரு நாள் எல்லாம் திணறுகிறது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

ஓர் ஆபீசோ, ஆலையோ, ஆஸ்பத்திரியோ பின்னல் அமைக்கும் முன் சில விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும். இன்று எத்தனை மெஷின்? 5 ஆண்டு கழித்து எத்தனை? மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஒரு கேபிள் அறுந்தால், வேறு வழி உண்டா?

கடைசிக் கேள்வி முக்கியம். “எங்களிடம் 2 கேபிள் இருக்கிறது” என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால், அந்த இரண்டும் ஒரே பள்ளத்தில் போனால் என்ன பயன்? சாலை தோண்டும் இயந்திரம் ஒரே அள்ளில் இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று கிழக்குத் தெரு வழியாக வந்தால், மற்றது மேற்குத் தெரு வழியாக வரவேண்டும்.

இவை எல்லாம் தானாக நேரும் கோளாறுகள். வேண்டும் என்றே செய்யப்படும் கெடுதல் இன்னொரு வகை. அது இன்னும் பெரியது.

10 டாலர் பெட்டியும், 8 கோடி டாலரும்

வங்காளதேசத்தின் மத்திய பாங்கியில், 2016 பிப்ரவரி மாதம் ஒரு கொள்ளை நடந்தது. துப்பாக்கி இல்லை. கன்னக்கோல் இல்லை. பாங்கியின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். பாங்கியே எழுதியது போல, அமெரிக்காவில் நியூயார்க்குக்கு உத்தரவு அனுப்பினார்கள். “எங்கள் கணக்கில் இருந்து சுமார் 95 கோடி டாலரை இன்னின்ன இடத்துக்கு அனுப்பு” என்று உத்தரவு!

பெரும் பகுதி தடுக்கப்பட்டது. ஆனாலும், 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்விட்டது. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கைக்குப் போனது. அது தப்பியது எப்படி தெரியுமா? பணம் பெறுகிறவரின் பெயரில் “பவுண்டேஷன்” என்ற இங்கிலீஷ் சொல்லைத் திருடர்கள் தப்பாக எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த பாங்கி சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டது. எழுத்துப் பிழை 2 கோடி டாலரைக் காப்பாற்றியது!

விசாரணை நடத்திய வங்காளதேசப் போலீஸ் அதிகாரி ஒருவர், பிறகு ஒரு விவரம் சொன்னார். அந்த பாங்கியின் பின்னலில் “பயர்வால்” என்னும் காவல் கருவியே இல்லை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டிகள், 10 டாலர் விலையுள்ள பழைய பெட்டிகள். நாட்டின் கஜானாவுக்குச் சந்தையில் வாங்கிய பழைய பூட்டு!

கும்பகோணத்தில் நடந்தது

இது அயல்நாட்டுக் கதை என்று இருந்துவிட வேண்டாம். கும்பகோணத்தில் 1904-ம் ஆண்டில் தொடங்கிய சிட்டி யூனியன் பாங்கியிலும் இதே போல ஒரு சம்பவம் நடந்தது. அது 2018 பிப்ரவரி மாதம்.

அந்த மாதம் 7-ந் தேதி, பாங்கியில் கணக்குச் சரிபார்த்தார்கள். பாங்கி அனுப்பாத 3 உத்தரவுகள் போயிருப்பது தெரிந்தது. ஒன்று துபாய்க்கு 5 லட்சம் டாலர். மற்றொன்று துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. மூன்றாவது சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குப் போன பணம் உடனே தடுக்கப்பட்டுத் திரும்பியது. நடந்ததை பாங்கி வெளிப்படையாக அறிவித்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. திருட்டைக் கண்டுபிடித்தது எது? அன்றாடம் கணக்குப் பார்க்கும் பழைய வழக்கம்தான்! எவ்வளவு உயர்ந்த கருவி வைத்தாலும், காலையில் வந்து கணக்கை ஒத்துப் பார்க்கும் ஒரு மனிதர் வேண்டும்.

டெல்லியும் கூடங்குளமும்

இனி இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 2022 நவம்பர் 23-ந் தேதி காலை, கம்ப்யூட்டர்கள் முடங்கின. வைரஸ் புகுந்து, கோப்புகளை எல்லாம் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சீட்டு எழுதுவது, ரத்தப் பரிசோதனை முடிவு, நோயாளியைச் சேர்ப்பது என எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டி வந்தது. பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 2 வாரம் பிடித்தது. தூரத்து மாநிலங்களில் இருந்து ரெயில் ஏறி வந்த ஏழை நோயாளிகள் வரிசையில் வாடினார்கள்.

என்ன காரணம்? பாராளுமன்றத்தில் சர்க்கார் பதில் சொன்னது: பின்னல் சரியானபடி பிரிக்கப்படவில்லை!

அது என்ன பிரிப்பது? ஒரு வீட்டில் தெருக்கதவு மட்டும் இருக்கிறது; உள்ளே அறைகளுக்குக் கதவே இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். திருடன் தெருக்கதவைத் தாண்டிவிட்டால், அடுப்படி, பூஜை அறை, பீரோ எல்லாம் அவன் கையில். ஒவ்வோர் அறைக்கும் கதவும் பூட்டும் இருந்தால், திண்ணையோடு நின்றுவிடுவான். கம்ப்யூட்டர் பின்னலையும் இப்படி அறை அறையாகப் பிரிக்க வேண்டும். வரவேற்பு அறையில் உள்ள மெஷினுக்கும், நோயாளியின் கோப்பு உள்ள சர்வருக்கும் நடுவில் காவல் வேண்டும்.

இப்போது நம் திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். கூடங்குளம் அணுமின் நிலையத்தில், 2019 செப்டம்பரில் ஒரு கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்திருந்தது. அக்டோபர் 29-ந் தேதி, “இது பொய்ச் செய்தி” என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, “வைரஸ் வந்தது உண்மை” என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது.

ஆனால், கழகம் இன்னொன்றும் சொன்னது. வைரஸ் வந்தது ஆபீஸ் வேலைக்கான கம்ப்யூட்டரில். அணு உலையை இயக்கும் பின்னல் தனி. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆகவே, ஆபத்து இல்லை.

டெல்லியில் உள் கதவு இல்லை, ஆஸ்பத்திரி முடங்கியது. கூடங்குளத்தில் உள் கதவு இருந்தது, உலை தப்பியது. வித்தியாசம் அவ்வளவுதான்! ஆனால், முதல் நாள் மறுத்துவிட்டு, மறுநாள் ஒப்புக்கொண்டது நல்ல வழக்கம் அல்ல. பக்கத்து ஊர்க்காரர்களின் பயத்தை அது கூட்டியதே தவிர, குறைக்கவில்லை.

2 மாதம் தூங்கியவர்கள்

பின்னலைப் புதுப்பிப்பது அடுத்த கடமை. கம்ப்யூட்டரை நடத்தும் புரோகிராமில் ஓட்டைகள் உண்டு. தயாரித்தவர்கள் அவ்வப்போது அந்த ஓட்டையை அடைத்துத் தருவார்கள். அதுதான் “அப்டேட்”.

2017 மார்ச் மாதத்தில், ஒரு பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி மருந்து கொடுத்தது. பலர் அதைப் போடவில்லை. மே 12-ந் தேதி, “வானாகிரை” என்ற வைரஸ் அந்த ஓட்டை வழியாகவே புகுந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டி, பணம் கேட்டது. இங்கிலாந்தில் மட்டும், சுமார் 6 ஆயிரத்து 900 நோயாளிகளுக்கு டாக்டரைப் பார்க்கக் கொடுத்திருந்த நேரம் ரத்தாயிற்று. சிலருக்கு ஆபரேஷனும் தள்ளிப்போனது.

மருந்து கைவசம் இருந்தது. 2 மாதம் அவகாசமும் இருந்தது. போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை!

அதற்காக, கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிப்பதும் தவறு. 2024 ஜூலை 19-ந் தேதி, “கிரவுட்ஸ்டிரைக்” என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய அப்டேட்டிலேயே பிழை இருந்தது. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே, புதியது வந்தால் முதலில் சில மெஷின்களில் போட்டுப் பார்க்க வேண்டும். நல்லபடி ஓடினால், மற்றவற்றில் போட வேண்டும். சமையலில் உப்புப் பார்ப்பது போல!

பழைய மெஷின்களிலும் கவனம் வேண்டும். “விண்டோஸ் 10”-க்குக் கொடுத்து வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றது. “மெஷின் நன்றாக ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?” என்று கேட்கலாம். ஓடுகிறது, ஆனால் ஓட்டையை அடைக்க ஆள் இல்லை.

சிறிய பாங்கிகளுக்கு நேர்ந்தது

கிராமத்து மக்களுக்குப் பழக்கமானவை கூட்டுறவு பாங்கிகள். இத்தகைய சிறிய பாங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து தரும் “சி-எட்ஜ்” என்ற கம்பெனியை 2024 ஜூலை இறுதியில் வைரஸ் தாக்கியது. நோய் பரவாமல் இருக்க, அந்தக் கம்பெனியைப் பணப் பட்டுவாடாப் பின்னலில் இருந்து துண்டித்தார்கள். அதனால், நாட்டில் சுமார் 300 சிறிய பாங்கிகளின் வாடிக்கையாளர்கள் செல்போனில் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி இணைப்பு திரும்பியது.

துண்டித்தது சரியான காரியம். ஆனால், ஒரே தோளில் 300 பேர் சாய்ந்திருந்தால், அந்தத் தோள் நோகும்போது 300 பேரும் விழுவார்கள். இதுவும் திட்டம் போடும்போதே எண்ண வேண்டிய விஷயம்.

செலவு யாருடையது?

புதுக் கட்டிடம் திறந்தால் விழா உண்டு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் போட்டோ உண்டு. ஆனால் ஓட்டையை அடைத்தவருக்கு மாலை போடுவது யார்? ஒன்றும் நடக்காமல் காப்பதுதான் அவர் வேலை. ஒன்றும் நடக்காததால், “இவருக்கு ஏன் சம்பளம்?” என்று கேட்கிறார்கள்!

குறை இங்கேதான் இருக்கிறது. வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். பராமரிக்க ஒதுக்குவது இல்லை. கண்மாயை வெட்டிவிட்டு, கரையையும் மடையையும் பார்க்க ஆள் போடாவிட்டால் என்ன ஆகும்? மதுரைச் சீமை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

சட்டம் இருக்கிறது. இத்தகைய தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய சர்க்கார் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்தது. மக்களின் விவரங்களைச் சரியாகக் காக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், அபராதம் வருவது திருட்டுப் போன பிறகு. காவல் போட வேண்டியது அதற்கு முன்பு.

நாம் கேட்கலாம்

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் கேட்கக்கூடிய கேள்விகள் 5 உண்டு. பள்ளிக்கூடம், கூட்டுறவு சங்கம், ஆஸ்பத்திரி என எங்கும் கேட்கலாம்.

1. எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று பட்டியல் உண்டா?

2. ஒரு வழி அறுந்தால் மறுவழி உண்டா?

3. முக்கியமான கணக்கு, தனி அறையில் பூட்டியிருக்கிறதா?

4. கணக்குக்கு நகல் உண்டா? நகலில் இருந்து திரும்ப எடுத்துப் பார்த்தது எப்போது? (எய்ம்ஸ் ஆஸ்பத்திரி மீண்டது, பாதிக்கப்படாத நகல் ஒன்று இருந்ததால்தான்.)

5. எல்லாம் நின்றால், அன்று மக்களுக்கு வேலை நடப்பது எப்படி?

ஐந்தாவது கேள்விதான், பேரையூரில் வரிசையில் நிற்கும் அந்தத் தாயின் கேள்வி. கம்ப்யூட்டர் நின்றாலும், ஒரு காகிதத்தில் மனுவை வாங்கி, தேதி போட்டு, ரசீது கொடுக்கலாம். பின்னல் சரியானதும் பதிந்துகொள்ளலாம். கல்லூரியும் அந்த ரசீதை ஏற்று, அவகாசம் கொடுக்க வேண்டும்.

கம்பி அறுந்தது அவர் குற்றம் அல்ல. அதற்காக அவர் மகளின் படிப்பு அறுந்துவிடக் கூடாது!