லாரிக்காரரைத் துரத்தும் குறிப்பு

அமெரிக்காவில் சொந்த லாரி வைத்திருப்பவர்கூட முழுச் சுதந்திரம் உடையவரல்லர். கடனுக்கு வாங்கிய இழுவை வண்டி அவருடையது. அதன் பின்னால் பூட்டும் சரக்குப் பெட்டி பெரும்பாலும் கம்பெனியுடையது. ஏதாவது ஒரு கம்பெனியோடு குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் பெயரைக் கதவில் எழுதிக்கொண்டு ஓட்டினால்தான் அநேகருக்குச் சரக்குக் கிடைக்கிறது. ஒரு கம்பெனியோடு ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாம் என்பது ஒன்றே அவருக்குள்ள பலம். அந்தப் பலத்தையும் ஒரு சிறு குறிப்பு பறித்துவிடுகிறது.

டிரைவர்கள் அதை ‘டாக்’ அறிக்கை என்கிறார்கள். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்ஸா நகரில் தோன்றிய ஏற்பாடு அது. பிற்காலத்தில் ஹயர்ரைட் என்ற நிறுவனத்தின் வசம் வந்தது. டிரைவர் எப்போது சேர்ந்தார், ஏன் விலகினார், மறுபடியும் சேர்த்துக்கொள்ளத் தக்கவரா என்றெல்லாம் பழைய கம்பெனி அதில் பதிவு செய்கிறது. விலகிய காரணத்தைச் சொல்ல விரிவான விளக்கம் தேவையில்லை. வழக்கமான சில சொற்களே போதும். “வண்டியைக் கைவிட்டுப் போனார்” என்பது அவற்றுள் ஒன்று.

இந்தச் சொல் எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். கூலியில் தகராறு. டிரைவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, கம்பெனியின் பெட்டியை அதன் கிடங்கு ஒன்றிலேயே நிறுத்திவிட்டுத் தம் வண்டியோடு போகிறார். வேறு கிடங்கில் விட்டிருக்க வேண்டும் என்கிறது கம்பெனி. அல்லது பிரேக் தேய்ந்த பெட்டியை இழுக்க மாட்டேன் என்கிறார். இரண்டுக்கும் ஒரே முத்திரைதான்: “கைவிட்டுப் போனார்.” அடுத்த கம்பெனியில் விண்ணப்பத்தைப் பார்க்கும் குமாஸ்தாவுக்குத் தேய்ந்த பிரேக் தெரியாது, முத்திரை மட்டும் தெரியும்.

கம்பெனிகள் விசாரிக்கவே கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சரக்கோடு 36 டன் எடையுள்ள வண்டியைக் குடிகாரர் கையில் கொடுக்க முடியுமா? முந்தைய 3 ஆண்டுகளில் டிரைவருக்கு நேர்ந்த விபத்துகளைப் பழைய முதலாளிகளிடம் கேட்டறிய வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதியே இருக்கிறது; போதைப் பொருள் விதிகளை அவர் மீறினாரா என்பதையும் 2023 ஜனவரி வரை அவர்களிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. அது பொதுமக்களின் உயிரைக் காக்கும் விதி. ஆனால் விபத்துக்கும் விரோதத்துக்கும் ஒரே ஏட்டில் இடம் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

சட்டமும் இங்கே டிரைவரைக் கைவிடுகிறது. 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வேலைக்கான விசாரணை அறிக்கைகளுக்கும் பொருந்தும். அறிக்கையைக் காரணம் காட்டி ஒருவரை நிராகரிப்பதானால், முன்கூட்டியே அவரிடம் நகலைக் கொடுக்கவேண்டும். கடையில் கணக்கெழுத விண்ணப்பிப்பவருக்கு இந்த உரிமை உண்டு. நேரில் வராமல் தபால், டெலிபோன், கம்ப்யூட்டர் மூலம் விண்ணப்பிக்கும் லாரி டிரைவருக்கோ 1998இல் வந்த திருத்தம் விதிவிலக்கு வைத்துவிட்டது. அவரை முதலில் நிராகரித்துவிட்டு, 3 வேலை நாட்களுக்குள் தகவல் சொன்னால் போதும். நகல் வேண்டுமானால் பிறகு அவரே கேட்டுப் பெறவேண்டும்.

சொந்த லாரிக்காரருக்கு இன்னொரு இடி. அவர் ‘ஊழியர்’ அல்லவே, சட்டம் அவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. பொருந்தும் என்று மத்திய வர்த்தகக் கமிஷனின் அலுவலர்கள் 1998இல் கருத்துத் தெரிவித்தார்கள். சுயேச்சை ஒப்பந்தக்காரர்களுக்குப் பொருந்தாது என்று பின்னர் சில மத்திய மாவட்ட நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுப்பவரைப் பழிவாங்கக் கூடாது என்று சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில், தாமே வண்டி ஓட்டும் ஒப்பந்தக்காரரும் ஊழியரே. ஒரே மனிதர், ஒரே வண்டி. ஒரு சட்டத்தில் ஊழியர், மற்றொன்றில் சந்தேகம்!

தவறான குறிப்பை மறுத்து எழுதலாம் என்பது உண்மை. அறிக்கை நிறுவனம் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்கவேண்டும். விசாரணை என்பது என்ன? குறிப்பை எழுதிய கம்பெனியிடமே “சரிதானா?” என்று கேட்பது. “சரிதான்” என்று பதில் வந்துவிட்டால், டிரைவர் தம் மறுப்பைச் சுருக்கமாக எழுதி அறிக்கையோடு இணைக்கச் சொல்லலாம். அதற்கு 100 சொல் என்று வரம்பு கட்டவும் இடமுண்டு. இதற்குள் லாரிக் கடனுக்கு ஒரு தவணையும் இன்ஷூரன்ஸ் பணமும் கட்டவேண்டிய நாள் வந்துவிடும்.

அறிக்கை நிறுவனங்களும் தவறுக்கு அப்பாற்பட்டவை அல்ல. அறிக்கைகளின் சரித்தன்மையில் போதிய கவனம் செலுத்தவில்லை, மறுப்புகளை ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று பொதுவாக எழுந்த குற்றச்சாட்டுகளின் பேரில், 2012இல் ஹயர்ரைட் சொல்யூஷன்ஸ் 26 லட்சம் டாலர் கட்டி வர்த்தகக் கமிஷனோடு சமரசம் செய்துகொண்டது.

சாட்சியம் இல்லாத காலமாக இருந்தால் ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான நெடுந்தூர லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாயிற்று. வண்டி எப்போது ஓடியது, எங்கே நின்றது என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. பெட்டியை எந்த இடத்தில் விட்டார் என்று சச்சரவு வந்தால் அதையே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி அந்தப் பதிவை 6 மாதம் வைத்திருந்தால் போதும். பாதகமான குறிப்போ பொதுவாக 7 ஆண்டு வரை அறிக்கையில் நிற்கலாம். சாட்சி முதலில் மறைகிறது, குற்றச்சாட்டு நின்றுவிடுகிறது.

“கைவிட்டுப் போனார்” என்று எழுதும் கம்பெனி, அன்றைய பதிவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். எழுதிய அன்றே டிரைவருக்கும் ஒரு நகல் போகவேண்டும். 1998ஆம் ஆண்டு விதிவிலக்கையும் காங்கிரஸ் நீக்கவேண்டும். சாலையில் இருப்பவரிடம் நகலைச் சேர்ப்பது கடினம் என்ற சமாதானம் இனிச் செல்லாது. வேலைக்கான அழைப்பே அவருடைய கைப்பேசிக்குத்தான் வருகிறது. அறிக்கையையும் அதே நொடியில் அனுப்பலாம். 3 நாள் கழித்து வரும் தகவலை அவர் படிக்கும்போது, அந்தச் சரக்கை இன்னொருவர் ஏற்றிக்கொண்டு பாதி தூரம் போயிருப்பார்.