விசிலடிக்கும் காது மெஷின்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. லாரியிலிருந்து மூட்டை இறங்கும். ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேரம் நடக்கும். இங்கே ஒரு பலசரக்குக் கடைக் கல்லாவில், காதுக்குப் பின்னால் கருவி மாட்டிய ஒரு பெரியவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். திடீரென்று அவர் காதிலிருந்து 'கீ...' என்று ஒரு விசில். சாமான் கட்டும் பையன் திரும்பிப் பார்க்கிறான். வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். பெரியவருக்கு மட்டும் அது கேட்கவில்லை. வயதானால் முதலில் மங்குவது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன்தான்.

"அப்பா, மெஷின் கத்துது" என்று மகன் சைகை காட்ட, பெரியவர் வால்யூமைக் குறைக்கிறார். விசில் நின்றுவிடுகிறது. கூடவே வாடிக்கையாளரின் குரலும் மங்கிவிடுகிறது. அரைக் கிலோவா, ஒன்றரைக் கிலோவா என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. சில வாரங்களில் கருவி மேஜை டிராயருக்குப் போய்விடும். கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் சுமார் 17 சதவீதத்தினரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை கூறியது. விலையும் வெட்கமும் இதற்குக் காரணங்கள். இந்த விசிலுக்கும் அதில் பங்கு உண்டு.

விசில் எப்படிப் பிறக்கிறது? கோயில் விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது ஊளையிடும். காதுக் கருவியில் நடப்பதும் இதேதான். கருவி பெருக்கி அனுப்பும் ஒலி காதுத் துளைக்குள் அடங்காமல் வெளியே கசிகிறது. மைக் அதைப் பிடித்து மறுபடி பெருக்குகிறது. இந்தச் சுழற்சியே விசிலாகிறது. டென்மார்க் இயற்பியலாளர் ஸோரன் லார்சனின் பெயரால் இதை 'லார்சன் விளைவு' என்பார்கள். சட்டைப் பையில் வைக்கும் பழைய மாடலில் மைக் மார்பருகில் இருந்ததால் இந்தத் தொல்லை குறைவு. காதுக்குப் பின்னால் மாட்டுவதில் மைக்குக்கும் காதுத் துளைக்கும் சில சென்டிமீட்டர் இடைவெளிதான்.

ஆகவே முதலில் தேட வேண்டியது கசிவை. அச்சு சரியாக உட்காராவிட்டால் விசில் வரும். கழற்றித் திரும்பப் பொருத்தினாலே பல சமயம் நின்றுவிடும். காதில் அழுக்கு அடைத்திருந்தால் ஒலி உள்ளே போக வழியின்றித் திரும்பி வரும். இதற்குப் பட்ஸ், தீக்குச்சி, ஹேர்பின் எதுவும் கூடாது; அவை அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். காது-மூக்கு-தொண்டை டாக்டர்தான் எடுக்க வேண்டும். அச்சையும் கருவியையும் இணைக்கும் பிளாஸ்டிக் குழாய் நாளடைவில் விறைத்து வெடிக்கும். அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

கோளாறு எங்கே என்று வீட்டிலேயே பார்க்கலாம். கருவியைக் கழற்றி, அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே அச்சின் ஒலித் துளையை விரலால் இறுக்கி மூட வேண்டும். அச்சில் காற்றுத் துளை இருந்தால் அதையும் சேர்த்து மூட வேண்டும். விசில் நின்றால் கருவியில் குறையில்லை. அச்சு பொருந்தவில்லை அல்லது காதில் அடைப்பு. நிற்காவிட்டால் குழாயையும் அச்சையும் கழற்றிவிட்டு, கருவியின் கொக்கி முனையை மூடிப் பார்க்க வேண்டும். இப்போது நின்றால் குழாயிலோ அச்சிலோ விரிசல். அப்போதும் கத்தினால்தான் கருவி ரிப்பேருக்குப் போக வேண்டும்.

எல்லா விசிலும் கோளாறு அல்ல. பேரக் குழந்தையை அணைக்கும்போதும், டெலிபோனைக் காதில் வைக்கும்போதும், தலையில் துண்டு சுற்றும்போதும் ஒரு நொடி கத்துவது இயல்பு. வெற்றிலை மெல்லும்போது மட்டும் கத்தினால், தாடை அசைவில் காதுத் துளையின் வடிவம் மாறுவது காரணமாக இருக்கலாம். அச்சுக்கு அளவெடுக்கும் நிபுணரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அச்சு என்றைக்கும் ஒன்றே அல்ல. குழந்தைகளின் காது வளர வளர, சில மாதங்களுக்கு ஒரு முறைகூட மாற்ற வேண்டியிருக்கும். முதியவர்கள் உடல் மெலிந்தாலும் பழைய அச்சு தொளதொளக்கும். புதிய அச்சின் செலவு கருவியின் விலையில் சிறு பங்குதான். ஆரியசாலைக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. 1997-ல் கேரள அரசு ஏற்படுத்திய தேசியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமான 'நிஷ்' அதே நகரின் ஆக்குளத்தில் இருக்கிறது.

டிஜிட்டல் கருவிகள் கசிந்து வரும் ஒலியை அடையாளம் கண்டு, அதற்கு எதிரலையை உண்டாக்கி அழிக்கின்றன. ஆனால் நாகஸ்வரத்தில் நீட்டி ஊதும் ஒரே ஸ்வரத்தையும் சில கருவிகள் விசில் என்று தப்பாக எடுத்துக்கொண்டு நடுங்க வைக்கும். சங்கீதத்துக்குத் தனி அமைப்பு கேட்டு வாங்கலாம். எந்த டிஜிட்டல் வித்தையும் தொளதொளத்த அச்சுக்கு ஈடாகாது.

வால்யூமைக் குறைப்பது மட்டும் தீர்வல்ல. அது பக்கத்தில் இருப்பவர்களின் தொல்லையைத் தீர்க்கிறது. பெரியவரின் காதைத் திரும்ப மூடிவிடுகிறது. அவருக்குக் கேட்காத விசில் மகனுக்குக் கேட்கிறது. சைகை காட்டுவதோடு நிற்காமல், மகனே அப்பாவை அழைத்துப்போய் அச்சைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் கல்லாவில் யாரும் எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிராது.