ஏழும் மூன்றும் எட்டும்

கிதார் வாசிக்கிற இளைஞர்கள் மத்தியில் ஒரு மருந்துச் சீட்டு உலாவுகிறது. 'பாஸ் 7, மிடில் 3, டிரெபிள் 8, கெய்ன் 10. இதுதான் கிளாம் மெட்டல் நாதம்' என்கிறது அது. சீட்டு எழுதுகிறவர் நோயாளியின் நாடியைப் பார்ப்பதில்லை. எந்தக் கிதார், எந்த ஆம்ப்ளிஃபயர், அறை எவ்வளவு பெரிது, பக்கத்தில் டிரம் உண்டா, எதுவும் கேட்கமாட்டார். எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த வைத்தியம் ஒரு நல்ல சங்கீதத்தைக் கொன்று கொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

நல்ல சங்கீதமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஸன்ஸெட் ஸ்ட்ரிப் விடுதிகளில் 1980-களில் கொடிகட்டிப் பறந்து, 1990-களின் தொடக்கத்தில் ஓய்ந்துபோன கோஷ்டிகள் அவை. முகத்தில் சாயம், தலையில் குருவிக் கூடு. வாஸ்தவம். ஆனால் வேஷத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் பாட்டைக் கேட்கவில்லை. வேஷத்துக்குள் இருந்தது, ஆயிரம் பேர் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி.

அந்தப் பல்லவிதான் விஷயமே. கெய்னை ஏற்ற ஏற்ற, ஒலி அலையின் முகடுகளை வால்வுகள் நறுக்குகின்றன. நறுக்கிய இடத்தில் புதிது புதிதாக உபஸ்வரங்கள் பிறக்கின்றன. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலித்தால் அது கம்பீரம். நடுவில் காந்தாரமும் சேர்ந்துவிட்டாலோ, உபஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஒரே சேறாகிவிடும். பல்லவிக்கு இனிப்பைக் கொடுப்பது அந்தக் காந்தாரம்தான். கெய்னைப் பத்தில் நிறுத்துகிறவர் முதலில் அதைத்தான் பலி கொடுக்கிறார்.

மிடிலை மூன்றுக்கு இறக்குவது அடுத்த பாவம். நடுவைக் குடைந்தெடுத்த ஓசை, அதே காலத்தில் வளர்ந்த திராஷ் மெட்டல்காரர்கள் பலர் விரும்பியது. அவர்களுக்குத் தந்தியை அமுக்கிப் பிடித்து வெட்டுகிற வேகம் வேண்டும். அவர்கள் கணக்கு வேறு. அடுத்த வீட்டுச் சட்டையைக் கொண்டுவந்து இவர்களுக்கு மாட்டிவிட்டு, அளவு சரி என்று சாதிக்கிறார்கள்.

மிடில் 3 ஏன் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது? படுக்கையறைதான் காரணம். சின்ன ஓசையில் நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகக் கேட்கிறது. 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன சங்கதி இது. ஆகவே தனியாக மெதுவாக வாசிக்கிற பையன் பாஸையும் டிரெபிளையும் ஏற்றி மகிழ்கிறான். கோஷ்டியோடு மேடை ஏறியதும் ஆளையே காணோம்! கிதாரின் தடித்த தந்தி வினாடிக்கு 82 அதிர்வு; பாஸ் கிதாருக்கு 41. கீழ்த்தளத்தில் அவரும் பெரிய டிரம்மும் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். மேலே தாளத்தட்டுகள். கிதாருக்கென்று மிஞ்சிய இடம் நடுவீடு ஒன்றே. அதையும் காலி செய்துவிட்டால் எங்கே போய் நிற்பது?

எண்களின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். 1981-ல் வந்த மார்ஷல் ஜேசிஎம் 800 அந்தக் காலத்து மேடைகளில் பெரும் புள்ளி. அதில் பாஸ், மிடில், டிரெபிள் மூன்றும் கூட்டுக் குடித்தனம். ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டும் அசையும். மூன்றையும் நடுவில் வைத்தால் சமநிலை என்று நினைக்கிறார்கள். அப்போதும் நடு ஒலி பள்ளமாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, குமிழுக்குள் இருக்கும் மின்தடை 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சாதாரணம். ஒரு பெட்டியின் 7 இன்னொரு பெட்டியின் 7 அல்ல.

பெடல் விஷயத்திலும் இதே கூத்து. டியூப் ஸ்கிரீமரை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்தவர்களில் விவரம் தெரிந்தவர்கள் டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்தில் விட்டு, லெவலை மட்டும் ஏற்றினார்கள். கரகரப்புக்காக அல்ல, அது கீழ் ஒலியை வடிகட்டி, நடு ஒலியைத் தூக்கி, வால்வை உதைக்கும் என்பதற்காக. சீட்டுக்காரர் டிரைவையும் பத்தில் வைக்கச் சொல்கிறார். அவருக்குப் பத்தைத் தவிர வேறு எண் பிடிக்காது போலும்.

பெரியவர்கள் சொன்ன எண்ணாவது மெய்யா? இந்த நாதத்துக்கு 1978-ல் வழி திறந்த எடி வான் ஹேலன், ஆரம்பத்துப் பேட்டிகளில் ஆம்ப்ளிஃபயருக்கு மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுப்பதாகச் சொல்லிவைத்தார். உண்மையில் அமெரிக்க வீட்டு மின்சாரமான 120 வோல்ட்டை 90 அளவுக்கு இறக்கித்தான் வாசித்திருக்கிறார். டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' 1987-ல் வந்தபோது அந்தப் பளபளப்பை எத்தனை பேர் பெரிய பெட்டிகளில் தேடியிருப்பார்கள்! அதில் பெரும்பங்கு ராக்மேன் என்ற கையடக்கப் பெட்டியின் வேலை. அதில் பாஸ், மிடில், டிரெபிள் குமிழே கிடையாது, தள்ளுகிற சுவிட்சுகள்தான். எந்த எண்ணை எழுதிக் கொடுப்பது?

கெய்னை இறக்குங்கள், காந்தாரம் தனியாகக் காதில் விழுகிற வரை இறக்குங்கள். பிறகு பாஸைக் குறையுங்கள். மிடிலை மட்டும் டிரம்காரர் வந்து உட்காரும் வரை தொடவேண்டாம்.