விளைந்த பிறகு வரும் அச்சம்

ஜவளகிரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ராகி பயிரிடும் எவரும் அறிந்த செய்தி இது. நிலம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் உழவருக்கு இரவு உறக்கத்தில் குறையில்லை. கதிர் முற்றத் தொடங்கியதும் உறக்கம் போய்விடுகிறது. மழைக்காலம் முடியும் வேளையில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி ஜவளகிரி, தளி பக்கம் வரத் தொடங்குகின்றன. வெற்று நிலத்தை யானை நாடுவதில்லை. விளைந்த நிலத்தையே நாடுகிறது. ஆகவே விளைச்சல் சிறந்த ஆண்டில் கவலையும் மிகுதியாக இருக்கிறது.

மருத்துவமனைச் செய்திமடலில் யானைக்கும் ராகிக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் புறநோயாளர் பிரிவில் இதே அச்சத்தை வேறு உருவங்களில் அடிக்கடி காண்கிறோம். நல்லது நடக்கப்போகும் நேரத்தில், அல்லது நடந்து முடிந்த பிறகு, நோயாளியின் முகம் வாடுகிறது. அதைப் பற்றி நோயாளிகளோடும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய குடும்பத்தாரோடும் பேச விரும்புகிறோம்.

காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சையை ஒரு நாளும் தவறாமல் முடித்த ஒருவர் வந்தார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. உடல் எடை கூடியிருந்தது. நோய் குணமாகிவிட்டது என்று தெரிவித்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் மாத்திரை குடுக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்ற மற்றொருவர், படபடப்பு என்று மூன்று முறை வந்தார். இதய வரைபடம், இரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருவரைக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு முந்தைய நாள் ஓயாத வாந்தியோடு அழைத்து வந்தார்கள். உடன் வந்த பாட்டி, "ஊர்க்கண்ணெல்லாம் பட்டுடுச்சு" என்றார்.

இவர்களில் எவரும் நடிக்கவில்லை. வாந்தி உண்மையான வாந்தி. படபடப்பு உண்மையான படபடப்பு. மனம் ஆபத்தை உணரும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. ஆபத்து புலியின் உருவில் வந்தாலும் நியமன ஆணையின் உருவில் வந்தாலும் உடல் ஒரே வகையாகத்தான் விடையளிக்கிறது. நியமன ஆணையில் என்ன ஆபத்து என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளில் இதற்கு எளிய விடை ஒன்று தரப்படுகிறது. அச்சம் உன் மனத்தில் மட்டுமே இருக்கிறது, உன்னை நம்பு, அது ஓடிவிடும் என்கிறார்கள். இந்த விடையை நாங்கள் ஏற்கவில்லை. வெற்றிக்கு அஞ்சுவோர் பெரும்பாலும் வெற்றியைக் கண்டு அஞ்சுவதில்லை. அதற்குச் சுற்றியிருப்போர் விதிக்கப்போகும் விலையைக் கணக்கிட்டு அஞ்சுகிறார்கள். அந்தக் கணக்கு பல நேரங்களில் சரியாகவும் இருக்கிறது.

காசநோயிலிருந்து மீண்டவரிடம் பொறுமையாகக் கேட்டபோது அவருடைய கணக்கு தெரிந்தது. நோயுற்ற ஆறு மாதங்களில் கடன் கொடுத்தவர் வாசலுக்கு வரவில்லை. வீட்டில் எவரும் அவரிடம் கடிந்து பேசவில்லை. இரவுப் பணிக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. சிகிச்சைக் காலத்துக்கு அரசு வழங்கும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் கிடைத்தது. குணமாகிவிட்டது என்ற ஒரு சொல்லில் இவையனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடும். அந்தச் சொல்லைக் கோப்பை மூடுவதுபோல் நாங்கள் சொல்லிவிட்டோம். அது எங்கள் பிழை. மாத்திரை மேலும் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை. ஆனால் வேலைக்குத் திரும்புவதைப் படிப்படியாக வகுத்து, அவர் மனைவியையும் அருகில் அமர்த்திப் பேசியிருக்க வேண்டும். அடுத்த வருகையில் அவ்வாறே செய்தோம்.

வெற்றியால் நோயுறுவோரைப் பற்றி மருத்துவ உலகம் நூறாண்டுக்கும் மேலாகப் பேசி வருகிறது. சிக்மண்ட் பிராய்டு 1916இல் எழுதிய கட்டுரையில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரைக் குறிப்பிடுகிறார். தம் குருவின் இடத்துக்கு வர வேண்டும் என்று பல்லாண்டு விரும்பியவர் அவர். குரு ஓய்வு பெற்று, அந்த இடம் இவருக்கே என்று அறிவிக்கப்பட்டதும் தயங்கினார். தமக்குத் தகுதியில்லை என்றார். கடும் மனச்சோர்வில் வீழ்ந்து சில ஆண்டுகள் எந்த வேலையும் செய்ய இயலாதவரானார். குற்றவுணர்ச்சியே இதற்குக் காரணம் என்று பிராய்டு கருதினார். மூத்தவரின் இடத்தில் அமர்வது அவரைத் தள்ளிவிட்டு அமர்வதுபோல் உள்மனத்துக்குத் தோன்றுகிறது. நேற்று வரை தோழர்களாக இருந்தவர்களுக்கு இன்று வேலை பங்கிட்டுத் தர வேண்டிய நம் மேற்பார்வையாளருக்கும் இந்த உணர்வு அந்நியமானதன்று.

பிறகு 1968இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மட்டினா ஹார்னர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். மருத்துவக் கல்லூரி வகுப்பில் ஒரு மாணவி முதலிடம் பெறுகிறாள் என்று தொடங்கும் கதையை 90 மாணவியரிடம் கொடுத்து முடிக்கச் சொன்னார். 88 மாணவரிடம் அதே கதையை ஒரு மாணவனைப் பற்றியதாகக் கொடுத்தார். மாணவியரில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் கதையைக் கெடுதியாகவே முடித்தார்கள். அவள் தோழிகளை இழந்தாள்; திருமணம் தடைப்பட்டது; அடுத்த தேர்வில் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டாள் என்றெல்லாம் எழுதினார்கள். மாணவர்களில் அவ்வாறு எழுதியவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

பெண்களின் மனத்திலேயே வெற்றியைத் தவிர்க்கும் இயல்பு இருக்கிறது என்று அப்போது பலர் எண்ணினார்கள். 1974இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. அதில் பள்ளிச் சிறுவர்களிடமும் முதலிடம் பெறும் பெண்ணின் கதை கொடுக்கப்பட்டது. அவர்களும் அவளுக்குக் கெடுதியான முடிவுகளையே மிகுதியாக எழுதினார்கள். அப்படியானால் அச்சம் பெண்ணின் உள்ளத்தில் பிறந்ததன்று. வென்ற பெண்ணை ஊர் என்ன செய்யும் என்பதை ஆண், பெண் இருபாலாரும் அறிந்திருந்தார்கள், அறிந்ததை எழுதினார்கள்.

இதே கதை நம் தமிழ்நாட்டில் உண்மையாகவே நடந்திருக்கிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். தந்தை நாராயணசாமி வீட்டிலேயே படிப்பைத் தொடரச் செய்தார். ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது புதுக்கோட்டை மன்னர் இசைவளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புத் தகுதியோடு தேறினார். படிப்பும் பணியும் திருமணத்தால் நின்றுவிடும் என்ற அச்சம் அவருக்கும் இருந்தது. 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது அவர் ஒரு நிபந்தனை விதித்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். சுந்தர ரெட்டி அதை ஏற்றார். பின்னாளில் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராக முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி ஒழிப்புக்குப் போராடியதையும், 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் அவர் முயற்சியால் செயல்படத் தொடங்கியதையும் அனைவரும் அறிவர்.

அவருடைய துணிவைப் போற்றுகிறோம். ஆனால் நோயாளிகளின் குடும்பத்தார் அறிய வேண்டியது வேறொன்று. அவர் தம் அச்சத்தை வாய்விட்டுச் சொன்னார். அதைக் கேட்டவர்கள் தங்கள் பங்குக்கு விலையைக் குறைத்தார்கள். தந்தை, மன்னர், கணவர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் குறைத்தார். துணிவு அவருடையது, வழி பலர் சேர்ந்து விட்டது.

இன்று நம் பகுதியில் வழிகள் முன்பைவிட அகலமாகியிருக்கின்றன. ஓசூர்த் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியுமுன் நம் சிற்றூர்களுக்கு வந்து இளம்பெண்களை வேலைக்கு ஏற்றிச் செல்கின்றன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. கல்லூரிக் கட்டணம் என்னும் விலையை அரசு குறைக்கலாம். "நீ படிச்சு மேல போயிட்டா எங்களை மதிப்பியா?" என்று வீட்டில் கேட்கப்படும் கேள்வியின் விலையை எந்த அரசாணையும் குறைக்காது. வாந்தியோடு வந்த மாணவி எங்களிடம் தனியே சொன்னது இதுதான்: இடம் கிடைக்காவிட்டால் வீட்டில் வருந்துவார்கள், கிடைத்துவிட்டால் சித்தப்பாவின் மகள்களோடு இனிப் பழைய மாதிரி பேச முடியாது, அத்துடன் எவ்வளவு சீக்கிரம் திருமணம் செய்வது என்ற பேச்சும் தொடங்கிவிடும்.

பாட்டி சொன்ன கண்ணேற்றை நாங்கள் சிரித்து ஒதுக்கவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சொன்ன பெரியவர்கள், ஒருவரின் உயர்வு மற்றவர் மனத்தில் என்ன செய்யும் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். திருஷ்டி கழிப்பது அவர்கள் விருப்பம். அதோடு நின்றுவிட வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, பாராட்டைக் கடனாக மாற்றாதீர்கள். "இனிமே நீதான் இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தணும்" என்ற சொல்லை மகிழ்ச்சியில்தான் சொல்கிறோம். கேட்பவரின் தோளில் அது மூட்டையாக இறங்குகிறது. வெற்றி பெற்ற நாளன்று மகிழ்ச்சியை மட்டும் சொல்லுங்கள். பொறுப்புகளைப் பற்றிப் பேச வேறு நாள் வரும்.

இரண்டாவது, எதனால் வெற்றி கிடைத்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் நடத்திய ஆய்வில், விடையே காண முடியாத கணக்குகளைச் சில மாணவர்களுக்குக் கொடுத்து, நன்றாகச் செய்தீர்கள் என்று பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அவர்களில் பல ஆண்கள் திறனைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட மருந்தையே விரும்பினார்கள். எப்படி வென்றோம் என்று தெரியாதவர் மறுமுறை தோற்பதற்குக் காரணம் தேடி வைத்துக்கொள்கிறார். சர்க்கரை நோயாளிகளிடமும் இதைக் காண்கிறோம். மூன்று மாதச் சராசரி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் சிலர் அடுத்த முறை வருவதையே தள்ளிப்போடுகிறார்கள். தினமும் அரை மணி நேரம் நடந்தீர்கள், இரவுச் சோற்றைக் குறைத்தீர்கள், அதனால் இது கிடைத்தது என்று சொன்னால் அது அவர் கையில் உள்ள பொருளாகிறது. ஒரு முறை அளவு கூடினாலும் மறைக்க வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள்.

மூன்றாவது, நோய் தீர்ந்த அன்றே அன்பை நிறுத்தாதீர்கள். நோயாளிக்குக் கிடைத்த கனிவும் கேட்கும் காதும் நலமானவருக்கும் தேவை. படுத்தால்தான் கவனிப்பார்கள் என்று உடல் கற்றுக்கொண்டால் அது மீண்டும் படுக்கும்.

நான்காவது, கேளுங்கள். "ஏன் பயப்படுறே?" என்று கேட்டால் விடை வராது. "இது கிடைச்சா எது போயிடும்னு நினைக்கிறே?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வந்தபின் அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். அந்த விலையில் உங்களால் எவ்வளவு குறைக்க முடியும் என்று எண்ணுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தயக்கம், சோர்வு எல்லாவற்றையும் மன அச்சம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. இரத்தசோகை, தைராய்டுக் குறை, இதய நோய் ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும். முதலில் பரிசோதனை வேண்டும். உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, தன்னைத் தாழ்த்திப் பேசுதல் இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. வாழ வேண்டாம் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

யானை வரும் என்பதற்காக நம் ஊரார் ராகி விதைப்பதை விட்டுவிடவில்லை. நிலத்துக்குரியவரைப் பார்த்து, யானையெல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது என்று எவரும் சொல்வதுமில்லை. கதிர் முற்றும் நாட்களில் அக்கம்பக்கத்தார் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். ஒருவர் கண் அயர்ந்தால் மற்றவர் பார்த்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் ஒருவர் நலம் பெறும்போதும், தேர்வில் வெல்லும்போதும், பதவி உயரும்போதும் அத்தகைய காவலே தேவைப்படுகிறது. அன்றிரவு அவரோடு சற்று நேரம் விழித்திருங்கள்.