திருமலையின் துறைமுகமும் திருமலையின் மக்களும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை நாடிவந்த எந்த வல்லரசும் அத்துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களின் சம்மதத்தைக் கேட்டதில்லை. போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஒல்லாந்தர் கொடி இறங்கி ஆங்கிலேயர் கொடி ஏறிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அதுவும் இறங்கிப் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1957இல் தம் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தனர். கொடிகள் மாறின, கொட்டியாரக் குடாவின் கரையில் வலைவீசியவனையும் வயல் உழுதவனையும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று அத்துறைமுகத்தின்மீது கண்வைத்திருப்பது நம் அயல்நாடாகிய பாரதம். பாரதத்தை அந்த அந்நியரோடு ஒரே வரிசையில் நிறுத்த நாம் விரும்பவில்லை. மொழியாலும் சமயத்தாலும் இரத்த உறவாலும் நம்மோடு பிணைந்த நாடு அது. 2022இல் இலங்கையின் கருவூலம் வறண்டு, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் தவித்தபோது, ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்த நாடும் அதுவே. அந்நன்றியை நாம் மறவோம். ஆயினும், நட்பின் பெயரால் உண்மையை மறைப்பது நட்புக்குச் செய்யும் துரோகமாகும்.

தன் வாசலருகே பிற வல்லரசுகள் கூடாரமிடுவதைப் பெரிய நாடு எதுவும் பொறுப்பதில்லை. இரு அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பியர் இனிக் குடியேற்றம் அமைக்கலாகாது என்று 1823இல் அமெரிக்க ஜனாதிபதி மன்றோ பிரகடனஞ் செய்தார். அக்கொள்கையை வளர்த்தவர்களே 1903இல் கியூபாவின் குவாந்தனாமோவைக் குத்தகைக்கு எடுத்து, கியூபா மக்கள் எத்தனை முறை மறுத்தும் இன்றுவரை விட்டகலவில்லை. மாறாக, பின்லாந்திடமிருந்து 1944இல் பெற்ற பொர்க்கலாத் தளத்தைச் சோவியத் ஒன்றியம் 1956இல் திருப்பிக்கொடுத்தது. சிறிய அயலானிடம் விட்டுக்கொடுப்பதனால் வல்லரசு ஒன்று சிறுத்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

பாரதத்தின் அச்சம் ஆதாரமற்றதென்று நாம் சொல்லவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கிய வரலாறு டில்லிக்குத் தெரியும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீனக் கம்பனியிடம் சென்றதையும் அது கண்டது. வங்கக் கடலின் வாயிலில் பகைக் கப்பல் நிற்கலாகாது என்று அது கருதுவது இயல்பே. நம் கேள்வி வேறு. டில்லியின் பாதுகாப்புக்கு யார் விலை கொடுப்பது?

1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அன்று இரண்டு வகையான வாக்குறுதிகள் எழுதப்பட்டன. திருமலைத் துறைமுகம் பாரதத்தின் நலனுக்கு மாறாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் பயன்படாது என்பதும், எண்ணெய்க் குதங்கள் இரு நாடுகளின் கூட்டு முயற்சியால் சீர்செய்யப்படும் என்பதும் ஒருவகை. அவை தலைவர்கள் பரிமாறிய கடிதங்களில் அடங்கின. வடக்கும் கிழக்கும் ஒரே நிருவாக அலகாகும், மாகாணத்துக்கு அதிகாரம் வரும் என்பது மற்றொரு வகை. அவை ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

எது நிறைவேறிற்று, எது நிறைவேறவில்லை? 2003இல் லங்கா ஐ.ஓ.சி. திருமலைக்கு வந்தது. 2022 ஜனவரியில் சீனன்குடாவின் 99 குதங்களும் பங்கிடப்பட்டன: 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. கடிதம் 35 ஆண்டுகள் காத்திருந்து பலன் கண்டது. ஆனால் வடக்குக் கிழக்கு இணைப்பு 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் முறிந்தது. காணி அதிகாரம் ஏட்டுச் சுரைக்காயாயிற்று. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017இல் முடிந்தது. திருமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் 2025 ஏப்ரலில் ஒப்பமிட்டபோது, அம்மண்ணுக்குரிய மாகாண சபை இயங்கவேயில்லை. பதின்மூன்றாம் திருத்தத்தை நிறைவேற்றுமாறு டில்லி பலமுறை வற்புறுத்தியதை நாம் மறுக்கவில்லை. குதங்களுக்காகக் காட்டிய விடாமுயற்சியை அதிலும் காட்டிற்றா என்றுதான் கேட்கிறோம்.

சம்பூரின் கதை இதனினும் கொடிது. 2006இல் போரினால் அவ்வூர் மக்கள் விரட்டப்பட்டனர். அவர்கள் முகாம்களில் வாடிக்கொண்டிருக்கையிலேயே அம்மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இரு அரசுகளும் திட்டமிட்டன. மக்கள் போராடினர், 2015க்குப் பின் காணிகளிற் பல மீண்டன, 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரியினும் சூரிய ஒளி நன்று, அதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டிலேதான், சூரிய மின்நிலையங்களுக்காகத் தம் வயல்கள் பறிபோவதை எதிர்த்து முத்துநகர்க் கமக்காரர் வீதிக்கு வந்தனர். புகையில்லாத மின்சாரமும் உழவனின் அடுப்பில் புகையில்லாமற் செய்துவிடலாகாது.

இதில் டில்லியை மாத்திரம் குறைகூறுவது நேர்மையன்று. காணியை வர்த்தமானியில் அறிவிப்பதும் உழவனை வெளியேற்றுவதும் கொழும்பின் கை. சீனாவைக் காட்டி இந்தியாவிடமும், இந்தியாவைக் காட்டிச் சீனாவிடமும் பேரம் பேசுவது கொழும்பு ஆட்சியாளரின் பழைய வித்தை. உரலுக்கு ஒரு பக்கம் இடி. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. திருமலை மக்கள் மத்தளமாயினர்.

டில்லியும் கொழும்பும் உடன்படும்போதும் நாம் தப்புவதில்லை. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒன்பதே முக்கால் இலட்சம் மலையக மக்களைப் பங்கிட்டனர். ஐந்தே கால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிகுதிப் பேர் பிறகு என்று. தோட்டத்திற் கொழுந்தெடுத்தவளை யார் கேட்டார்?

ஆகவே, ‘எல்லாவற்றையும் டில்லி பார்த்துக்கொள்ளும்’ என்று கைகட்டியிருக்கும் நம்மவருக்கு ஒன்று சொல்வோம். அயல்நாட்டுக் கொள்கை அன்பினால் வகுக்கப்படுவதில்லை, நலனால் வகுக்கப்படுவது. 1987இல் வந்த இந்தியப் படை 1990 மார்ச்சில் இதே திருமலைத் துறையிலிருந்துதான் கப்பலேறிச் சென்றது. அது விட்டுச்சென்ற புண்கள் இன்னும் ஆறவில்லை. நமக்காகப் பேச நாமே முன்வராவிடின், நம்மைப் பற்றிப் பிறர் பேசி முடித்துவிடுவர்.

நாம் கேட்பவை பெரியனவல்ல. முதலாவது, கிழக்கு மாகாண சபை உயிர்பெற்று இயங்க வேண்டும். திருமலை மண்ணைத் தொடும் எவ்வொப்பந்தமும் அச்சபையின்முன் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, 2025இல் ஒப்பமிட்டவற்றின் முழு வாசகம் எங்கே என்று கொழும்பிலேயே கேள்வி எழுந்தது. இனியேனும் ஒவ்வோர் உடன்படிக்கையும் தமிழிலும் வெளியாக வேண்டும். மூன்றாவது, உழுபவனின் இணக்கமின்றி ஒரு வயலும் எடுக்கப்படலாகாது. நான்காவது, குதங்களிலும் மின்நிலையங்களிலும் வரும் தொழிலில் மாவட்டத்து இளைஞர்க்கு முதலிடம் வேண்டும்.

சட்டம் கற்றோரும் பொறியியல் வல்லாரும் நம்மிடையே பலர் உளர். ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து, மூதூர்க் கமக்காரனுக்கும் முத்துநகர்க் கமக்காரனுக்கும் விளங்கச் சொல்வது அவர் கடமை. கற்றவனின் அறிவும் உழுதவனின் உறுதியும் ஒன்றுசேர்ந்த இடத்தில் எந்த அரசும் நின்று கேட்டே ஆகவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாய்க்கால் நீரில் விதைக்கும் மாவட்டம் இது. இக்கோரிக்கை மூவருக்கும் பொது.

டில்லிக்கு நாம் சொல்வதும் இதுவே. மனங்கசந்த மக்களிடையே நிற்கும் துறைமுகம் எவ்வளவு ஆழமுடையதாயினும் நம்பத்தக்க துறைமுகமாகாது. தன் நிலத்தில் உரிமையோடு வாழும் திருமலை மகனே பாரதத்தின் தென்கிழக்கு வாயிலுக்கு உற்ற காவலன். அவனைக் கேளாமல் எழுதும் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்காயினும், அது கடற்கரை மணலில் எழுதிய எழுத்தே.